சப்பாத்தோடு ஏறிய மலை

என் பிள்ளைக்கு,

நேற்று மாலை நீ வந்து, குசினி வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று, "அம்மா, நான் கலியாணத்தை நிப்பாட்டிப்போட்டன்" என்று சொன்னபோது நான் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே, "ஓம். சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன். நீ இருந்து சாப்பிட்டாய். நான் மோர் மிளகாய் பொரித்துப் போட்டேன். பிறகு நீ உன் அப்பார்ட்மெண்டுக்குப் போய்விட்டாய். அம்மா கோபம், அதுதான் ஒன்றும் கதைக்கவில்லை என்று வழி முழுக்க நினைத்திருப்பாய். அப்படி இல்லை, பிள்ளை. சில விஷயங்களை எனக்கு வாயால் கதைக்க வராது. எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். அதன் பிறகு தேவாரப் புத்தகத்தையும் கடைச் சரை சுற்றி வந்த பழைய பேப்பரையும் திரும்பத் திரும்ப வாசித்துத்தான் எழுத்து எனக்குக் கைவந்தது. ஆகவே எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் என்று எழுதத் தொடங்கவில்லை என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன். கலியாணக் காட் போன வீடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு யார் கொண்டுபோய்க் கொடுத்தது, யார் தேத்தண்ணி தந்தது, யார் வாசலோடு வாங்கி வைத்தது என்பது உட்பட. அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் கலியாணம் நடக்காது என்று ஒரு வரி அனுப்பத்தான் வேண்டும். ஒரு வரி அனுப்பினால் மிச்சத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள். அதைவிட நானே எழுதி, பிரதி எடுத்து அனுப்புவது நல்லது என்று நினைத்தேன். ஆனால் முதல் பிரதி உனக்கு. நீ வாசித்துவிட்டு, "வேண்டாம், நிப்பாட்டுங்கோ அம்மா" என்றால் ஒரு வீட்டுக்கும் போகாது. நீ நிப்பாட்டு என்றால் நான் நிப்பாட்டுவேன் என்பது உனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நேற்று நீ சொன்ன காரணம் ஒரு வசனம். போன கிழமை ரொறொன்ரோவிலிருந்து திரும்பி வரும்போது, காலம் தப்பிப் பெய்த பனியில், ஏதோ கதையில் மாப்பிள்ளைக்குக் கோபம் வந்து காரை வேகமாக விட்டார் என்றாய். "நான் பயமாயிருக்கு, நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான், அம்மா. கெஞ்சிக் கேட்டனான். அவர் சிரிச்சுக்கொண்டு இன்னும் கூட்டினவர்." அவ்வளவுதான் சொன்னாய். அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுத மாட்டேன். அவருக்கும் ஒரு தாய் இருக்கிறா. எங்கள் வீட்டில் பலகாரம் சாப்பிட்டவர், என்னை மாமி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். அவரைத் திட்டுவதற்கு எனக்கு மனமில்லை. நீ பயமாயிருக்கிறது என்று சொன்ன பிறகும் அவர் நிற்பாட்டவில்லை. அது எனக்குப் போதும்.

இரவு உன் பெரியத்தை ஸ்காபுரோவிலிருந்து தொலைபேசி எடுத்தா. "என்ன மச்சாள் இது? காட் குடுத்து, கூறை எடுத்து, ஹோலும் பேசி வைச்சிட்டு, ஒரு கார் ஓடினதுக்கோ கலியாணத்தை நிப்பாட்டுறது? என்ர மனுசனும் எத்தினை வருசமா அப்பிடித்தான் ஓடுறார்" என்றா. "ஓம் மச்சாள், அதுதான் நீங்களும் எத்தினை வருசமா முன் சீற்றில கண்ணை மூடிக்கொண்டு வாறியள்" என்றேன். உடனே அவ கதையை மாற்றி, "அவளுக்குச் சின்னனில இருந்தே நீ சொல்லுக் கேக்கப் பழக்கேல்லை" என்றா. அந்த வசனம்தான் என்னை இந்தக் கடிதத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. நான் பழக்கவில்லைத்தான். சின்ன வயதில் நீதான் என்னை ஒரு சொல்லுக் கேட்கப் பழக்கினாய். அது நடந்த இடம் ஒரு மலை.

உனக்கு அப்போது பதினொரு வயது. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் இருக்க ஏலாமல் நீயும் நானும் முதலில் இந்தத் தேசத்துக்கு வந்துவிட்டோம். அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில், எங்கள் ஸ்பொன்சர் பேப்பர் நகர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த வருடக் கோடையில் லொட்ஜில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. கோத்-தெ-நேஜ் பகுதியில் நாங்கள் இருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டில், அரிசி வைக்கும் தட்டுக்கு மேலே ஒட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் நின்று நான் நேர்த்தி வைத்தேன். கதிர்காமக் கந்தா, அவரை வெளியில் விடு, வெறுங்காலோடு, ஒரு பச்சைத் தண்ணி தவிர ஒன்றும் வாயில் வைக்காமல் உன் மலையை ஏறுவேன் என்று. இரண்டு கிழமையில் அப்பாவை விட்டுவிட்டார்கள். நீ படிக்கட்டில் துள்ளித் துள்ளி ஏறி வந்து தந்தியைத் தந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

நேர்த்தி பலித்துவிட்டது. அதை எப்படி நிறைவேற்றுவது? அகதியாய் வந்தவள் கதிர்காமத்துக்குத் திரும்பிப் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மண் கும்பிதான் மலை. ஒரு மலையையும் வாழ்க்கையில் ஏறியவள் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். முடிக்காத நேர்த்தியை வைத்துக்கொண்டு சாமியிடம் அடுத்ததைக் கேட்கக் கூடாது. அடுத்தது வந்துகொண்டிருந்தது. அப்பாவை விசா நேர்முகத்துக்கு ஒரு மாதத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு மலை ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் வரமாட்டார் என்று நான் முடிவாக நம்பினேன். நீயும் நம்பினாய்.

எங்கள் கீழ் வீட்டில் இருந்த சேவியர் அண்ணையை உனக்கு ஞாபகம் இருக்கும். மட்டக்களப்பு ஆள், கத்தோலிக்கர். டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. அவர் தன் பாட்டில் ஒரு வழி சொன்னார்: "இஞ்ச பாருங்க தங்கச்சி, உந்தா பெரிய கோயில் இருக்கு, படி இருக்கு. சனம் முழங்கால்ல ஏறுது. நானும் காணாமப் போன என்ட மகனுக்காக ஏறுறன். வாங்க, சேந்து ஏறுவம்." நான் சொன்னேன், அண்ணை, அது உங்கட ஆள், எனக்கு என்ர ஆளுக்கு மலை வேணும் என்று. "அப்ப மவுண்ட் ரோயல் மலை இருக்குத்தானே?" என்றார். அதற்கு மேலே பஸ் போகிறது. பஸ் போகிற மலையை ஏறினேன் என்று முருகனிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த நீ தலையைத் தூக்கி, "எங்கட வகுப்பு போன மலை ஒண்டு இருக்கு, அம்மா. சின்ன மலைதான். ஆனா நெட்டுக்குத்து. கீழ ஒரு லாக் இருக்கு" என்றாய். பிரெஞ்சு படிக்க வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் இலைகள் நிறம் மாறும் காலத்தில் அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஏரி இருக்கிறது என்றதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுத்தானே மலை ஏறுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை விடிய சேவியர் அண்ணை தன்னுடைய பழைய காரில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்து நேரே வந்தவர். வழி முழுக்கக் கொட்டாவி விட்டார், கொட்டாவிக்கு நடுவில் பாட்டுப் படித்தார். அந்த ஏரியை நான் இன்றைக்கும் சொல்லால் வரைய மாட்டேன். நாலு பக்கமும் மலை, நடுவில் அசையாத தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு சிவப்பு மலை. ஏரிக்கு நேர் மேலே மொட்டைப் பாறையாக ஒரு உச்சி. "அதுதான்" என்று நீ விரலால் காட்டினாய். கரையில் ஒரு மரத்தடியில் என் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றி, கோயில் வாசலில் வைக்கிற மாதிரி ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்ததும் அந்த மாதிரித்தான். ஏரியில் இறங்கிக் காலும் கையும் முகமும் கழுவினேன். "என்ன கா தங்கச்சி, இது ஐஸ் தண்ணி! மீனே குளிருக்கு உள்ளுக்குப் போயிற்று" என்று சேவியர் அண்ணை காருக்குள் இருந்து கத்தினார். திருநீறு பூசிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். நீ சப்பாத்து நூல் கட்டிக்கொண்டு வருகிறேன், முன்னுக்குப் போங்கோ என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் கொஞ்சத் தூரம் இலை மெத்தையாக இருந்தது. அதற்குப் பிறகு வேர், வேருக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மலை தன் உண்மையான முகத்தைக் காட்டியது. கையால் பிடித்துத்தான் ஏற வேண்டும். முந்தின நாள் இரவிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்த உடம்பு. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அரோகரா சொன்னேன். பிறகு மூச்சு பத்தாமல் மனதுக்குள் சொன்னேன். நீ எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாய். பள்ளிக்கூடப் பையில் தேங்காயும் வாழைப்பழமும் கற்பூரமும் இருந்தன. அதுதான் பாரமாக்கும், மெதுவாக வருகிறாய் என்று நினைத்தேன். என் கால் முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது, பிறகு ஒன்றும் இல்லாமல் போனது. ஒன்றும் இல்லாமல் போனபோது எனக்குச் சந்தோஷம். முருகன் நோவை எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். குளிரில் விறைத்த கால் கல்லை உணராது, கல்லை உணராத கால் வழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர் மண் காலைச் சுடும். விறைக்க வைக்காது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஈரப் பாறை ஒன்று சரிவாகக் கிடந்தது. பக்கத்தில் பிடிக்க ஒரு இரும்புச் சங்கிலி. அதில் நான் வழுக்கினேன். சங்கிலியில் கை இருந்தபடியால் முழங்காலோடு போயிற்று. மரங்களுக்கு நடுவில் நேர் கீழே ஏரி தெரிந்தது. நான் எழும்பி அடுத்த அடி வைக்கப் பார்க்க, பின்னால் நீ, "அம்மா, நில்லுங்கோ" என்றாய். நான் நிற்கவில்லை. "நில்லுங்கோ! பின்னால பாருங்கோ" என்றாய். பார்த்தேன். வந்த வழியெல்லாம் சாம்பல் நிறக் கல்லில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இலை என்று நினைத்தேன். அந்த மலை முழுக்கச் சிவப்பு இலைதானே. "இலை இல்லை, அம்மா" என்றாய். என் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே பிளந்திருந்தது. எனக்கு ஒரு நோவும் இல்லை.

நீ அந்தப் பாறையில் தொப்பென்று இருந்து, பையைத் திறந்து, தேங்காய்க்கு அடியிலிருந்து என் சப்பாத்தை எடுத்தாய்.

பிள்ளை, அந்த நேரம் நான் உன்னைப் பேசினதை இங்கே எழுதத்தான் வேண்டும். "சாமிக்குக் கொண்டு போற தேங்காயோட சப்பாத்தையோ வைச்சுக் கொண்டு வந்தனி? அறிவில்லையோ? ஆற்ற மலைக்குச் சப்பாத்துக் கொண்டு வாறாய்?" என்றேன். நீ கொஞ்சமும் அசையாமல், "இது முருகன்ர மலை இல்லை, அம்மா. இது கவுண்மேந்தின்ர மலை. கீழ போர்ட்டில எழுதியிருக்கு" என்றாய். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, கோபத்தை விட்டுவிடவும் மனமில்லை. "நேர்த்தி பிள்ளை, வெறுங்காலோட எண்டு சொல்லி வைச்ச நேர்த்தி" என்றேன். "அவர் மயில்ல போறவர். நடக்கிற ஆக்களின்ர கால் அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றாய். "வாயை மூடு. அப்பா வரவேணுமோ வேண்டாமோ?" என்றேன். அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டிருக்கக் கூடாது. உன் முகம் ஒடுங்கிப் போனது. அப்பா கொழும்பிலிருந்து பேசிப் பதிந்து அனுப்பின கசற்றைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டவள் நீ. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அப்பா வராட்டி நான்தான் காரணம் எண்டு முருகனுக்குச் சொல்லுங்கோ. சப்பாத்துக் கொண்டு வந்தது நான். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. ஆனா நீங்கள் இதைப் போடாட்டி நான் ஒரு அடியும் வரமாட்டன். விழுந்தீங்கள் எண்டால் எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை."

எனக்குக் கேட்டது அந்தக் கடைசி வசனம்தான். நான் ஏறியது புருஷனுக்காக. எனக்குப் பின்னால் ஏறி வந்த பிள்ளைக்கு இந்தத் தேசத்தில் என்னைத் தவிர ஒரு கையும் இல்லை என்பதை அந்த மலையின் ஒரு கல்லிலும் நான் நினைக்கவில்லை. நீ நினைத்திருக்கிறாய். கீழேயே நினைத்து, சொன்னால் நான் கேட்கமாட்டேன் என்பதையும் நினைத்து, ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பையில் வைத்து, அந்தப் பாரத்தைக் கடைசிவரை சுமந்துகொண்டு வந்திருக்கிறாய். உனக்கு அப்பா வேண்டாம் என்றில்லை. என்னைவிட உனக்குத்தான் அவர் வேண்டும். அப்படி இருந்தும் நில்லுங்கோ என்று சொல்ல உனக்குத் தைரியம் இருந்தது. நான் அந்தப் பாறையில் இருந்தேன். நீ உன் கழுத்துத் துணியைக் கிழித்துக் காலைக் கட்டினாய். சொக்ஸைப் போட்டுவிட்டாய், சப்பாத்தை மாட்டினாய், உன் கையாலேயே நூலைக் கட்டினாய். "இறுக்கமா?" என்று கேட்டாய். "காணும்" என்றேன். அதற்குப் பிறகு நீ முன்னுக்கும் நான் பின்னுக்குமாக ஏறினோம்.

உச்சியில் காற்று ஆளைத் தூக்கியது. கீழே ஏரி ஒரு தட்டு மாதிரி. கரையில் சேவியர் அண்ணையின் கார் ஒரு வண்டு மாதிரி. கற்பூரத்தை எடுத்தேன். இங்கே நெருப்பு மூட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது, அம்மா என்றாய். சரி, உன் மலை, உன் சட்டம் என்று கற்பூரத்தைப் பொத்தி வைத்துக்கொண்டேன். அங்கே கட்டைத் தலைமயிரோடு ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா அப்பிள் கடித்துக்கொண்டிருந்தா. நான் தேங்காயைக் கல்லில் ஓங்கி அடிக்க அவ எழும்பியே விட்டா. நீ அவவுக்குப் பிரெஞ்சில் என்ன விளங்கப்படுத்தினாயோ தெரியாது; அவ வந்து பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றா. பிறகு தேங்காய்ச் சொட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உனக்கு ஒரு அப்பிள் தந்தா. நீங்கள் எங்கேயிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறா. எனக்கு விளங்கிய ஒரே பிரெஞ்சு அந்தக் கேள்விதான், எல்லோரும் கேட்டுக் கேட்டு. நீ ஸ்ரீலங்கா என்று சொல்லவில்லை. "கோத்-தெ-நேஜ்" என்றாய். அந்த அம்மா சிரித்த சிரிப்பு மலை முழுக்கக் கேட்டிருக்கும். இறங்கி வந்தபோது சேவியர் அண்ணை என் காலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். வழியில், "தங்கச்சி, உங்கட முருகன் கெட்டிக்காரன் கா. மலைக்கு மேல இருந்து பாக்காம, பின்னால பள்ளிக்கூடப் பையோட வந்திருக்கிறான்" என்றார்.

அந்த நேர்முகம் தள்ளிப் போனது. பிறகு இன்னொரு தரம் தள்ளிப் போனது. பனி கொட்டத் தொடங்கியது. நீ தபால் பெட்டியை எனக்கு முதல் ஓடிப் போய்ப் பார்ப்பதைக் கவனித்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள் அரிசித் தட்டுக்கு முன்னால் நின்று, பாதி தமிழும் பாதி பிரெஞ்சுமாக முருகனோடு கதைத்துக்கொண்டிருந்தாய்: "நான்தான் கொண்டு போனனான். அம்மா பேசினவ, நான்தான் கேக்கேல்லை. அப்பாவைப் பிடிச்சு வைச்சிருக்காதேங்கோ." நான் ரொட்டிக்கு மாக் குழைத்த கையோடு வந்து உனக்குப் பக்கத்தில் நின்றேன். நானும் படத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்: "முருகா, கொண்டு வந்தது அவள்தான். போட்டது என்ர கால். கணக்கு என்ர பேரில இருக்கட்டும்." நீ திரும்பி, "அம்மா, நீங்கள் ஒளிச்சு நிண்டு கேக்கிறியள்!" என்று அழுதபடியே கோபித்தாய். மாவோடு உன்னைக் கட்டிப் பிடித்தேன். உன் கறுப்புச் சட்டையெல்லாம் வெள்ளை.

பனி கரையும் காலத்தில் அப்பா மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்து சேருவதற்குள், காருக்குள்ளேயே, மலைக்கதை முழுவதையும் நீ அவருக்குச் சொல்லி முடித்துவிட்டாய். குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரிச் சொன்னாய். அவர் கேட்டுவிட்டு, "நல்ல வேலை செய்தாய் மோளை. இல்லாட்டி இவ்வளவு தூரம் பறந்து வந்து ஒரு நொண்டிப் பொம்பிளையையெல்லோ பாத்திருப்பன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பா வந்துவிட்டார், ஆகவே நீ செய்தது சரி என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அது சரியான நினைப்பு இல்லை, பிள்ளை. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். சேவியர் அண்ணை அந்தப் பெரிய கோயிலின் படிகளை முழங்காலில் ஏறினார். ஒரு படியும் விடவில்லை. வருடத்துக்கு வருடம் ஏறினார். அவருடைய மகன் வரவில்லை. எங்கே என்ற செய்திகூட வரவில்லை. சொன்னபடி ஏறியவருக்கு ஏன் வரவில்லை, சப்பாத்தோடு ஏறிய எனக்கு ஏன் வந்தது என்று கேட்டு நான் விளக்குக்கு முன்னால் எத்தனையோ நாள் இருந்திருக்கிறேன். எனக்கு என் வீட்டுக் கணக்குத் தெரியும். அரிசி எப்போது முடியும், எண்ணெய் எவ்வளவு போகும் என்று ஒரு சுண்டுப் பிழை இல்லாமல் சொல்வேன். கடவுளின் கணக்கு எனக்கு விளங்காது. விளங்குகிறது என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அப்பா வராமலே போயிருந்தாலும் அந்தப் பாறையில் நீ செய்தது சரி. பின்னால் என்ன நடந்தது என்பதால் அது சரியாகவில்லை. விழப் போகிற ஆளை நில் என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே சரி.

நீ நேற்று வாசலில் நின்றபோது உன் முகத்தில் அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையைக் கண்டேன். என்னால்தான் எல்லோருக்கும் தலைகுனிவு, என் பேரில் எழுதுங்கோ என்று நிற்கிற அதே முகம். அவர் நல்லவராக மாறியிருப்பாரோ, நான் அவசரப்பட்டுவிட்டேனோ, இனி எனக்கு ஒரு கலியாணம் நடக்குமோ என்றெல்லாம் இரவில் படுத்திருந்து யோசிப்பாய். யோசி. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் வந்தாலும், வராவிட்டாலும், நீ செய்தது சரி. அன்றைக்கு என் உயிருக்காக நில் என்று சொன்னாய். இன்றைக்கு உன் உயிருக்காகச் சொல்லியிருக்கிறாய். தன்னுடையதும் மற்றவருடையதைப் போல ஒரு உயிர்தானே என்று விளங்கிக்கொள்ள எங்கள் பெண்களுக்கு ஒரு ஆயுள் போய்விடுகிறது. உனக்கு அது இந்த வயதிலேயே விளங்கியிருக்கிறது. நான் பெருமைப்படுகிறேன். இதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரிந்தால் அதையும் எழுதுவேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. என் பிள்ளை சொல்லுக் கேளாதவள் என்று யாருக்காவது கதைக்க வேண்டும் போல இருந்தால், அவளை எடுக்க வேண்டாம். வீட்டுத் தொலைபேசிக்கு எடுங்கள். நான்தான் தூக்குவேன். கலியாணத்தை நிற்பாட்டியது அவள்தான். பக்கத்தில் நிற்கிறது என்ர கால்.

கலியாணம் வைத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பா வேலையில் லீவு எடுத்தது எடுத்தபடியே இருக்கட்டும் என்றுவிட்டேன். அன்றைக்கு விடிய மூன்று பேருமாக அந்த ஏரிக்குப் போவோம். அப்பாதான் கார் ஓடுவார். அவர் எவ்வளவு மெதுவாக ஓடுவார் என்று உனக்குத் தெரியும். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும். இந்த முறை நேர்த்தி ஒன்றும் இல்லை. விரதமும் இல்லை, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவேன். என் முழங்கால் பழைய முழங்கால் இல்லை. உச்சிவரை ஏலுமோ, அந்தச் சங்கிலிப் பாறையோடு திரும்ப வேண்டி வருமோ தெரியாது. ஏலாவிட்டால் நான் நில் என்று சொல்வேன். நீ நிற்பாய்.

உன்ர சப்பாத்தை நீ கொண்டு வா. என்னுடையதை நான் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வருவேன்.

உன் அம்மா